ஸ்காட்லாந்து எழுத்தாளர் அலெக்சாண்டர் மெக்கால் ஸ்மித்: அவர் எழுதியதில் உங்கள் கைக்கு முதலில் வந்த புத்தகம் எது?

எடின்பரோவில் இரண்டு வருடம் இருந்தேன். வீடு கேனன்மில்ஸ் பக்கம், வேலை மார்னிங்சைடில். தினமும் 23-ஆம் நம்பர் மாடி பஸ். மேலே முன் சீட் கிடைத்துவிட்டால் அன்றைக்கு மனசே லேசாகிவிடும். மவுண்ட் மேட்டில் ஏறும்போது வலது பக்கம் கோட்டை தெரியும்.

பக்கத்து வீட்டுப் பாட்டி ஒருநாள் அவருடைய '44 ஸ்காட்லாந்து ஸ்ட்ரீட்' புத்தகத்தைக் கையில் கொடுத்து, "உன் பஸ் இதில் வருகிறது" என்றார். ஆமாம், வருகிறது. அதில் பெர்ட்டி என்ற ஐந்து வயதுப் பையன் அம்மா ஐரீனோடு போகிறான். அம்மா அவனை இத்தாலியன் படிக்க வைக்கிறாள், சாக்ஸபோன் பழக வைக்கிறாள், மனநல மருத்துவரிடமும் கூட்டிப் போகிறாள். அவன் அறைக்கு இளஞ்சிவப்பு வண்ணம் அடித்து வைத்திருக்கிறாள். பிள்ளைக்கு வேண்டியதெல்லாம் ரயில் பார்ப்பதும் மற்ற பையன்களோடு ஓடி விளையாடுவதும்தான். அந்தப் பையனுக்காக எத்தனை முறை மனம் பதைத்தேன் என்று எனக்கே கணக்கில்லை.

'த ஸ்காட்ஸ்மன்' நாளிதழில் 2004-இல் தொடங்கிய தொடர்கதை இது. வாரத்தில் ஐந்து நாள் வந்தது. அடுத்த வாரம் எப்போது வரும் என்று தொடர்கதைக்காகக் காத்திருந்து வளர்ந்தவள் நான். தினமும் ஒரு அத்தியாயம் என்றால் அந்த ஊர்க்காரர்கள் கொடுத்துவைத்தவர்கள்! ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்தத் தெருவைத் தேடிப் போனேன். டிரம்மண்ட் பிளேஸிலிருந்து இறங்கும் சின்னத் தெரு, இரண்டு பக்கமும் கல் வீடுகள். கதவு கதவாக எண் பார்த்துக்கொண்டே போனேன். 44 என்ற வீடு அங்கே கிடையாது.

உங்களுக்கு இவர் எப்படி அறிமுகம்? சொல்லுங்கள்.

* * *

அக்கா, நான் வந்த வழியே வேறு. சட்டம் படிக்கும்போது மருத்துவச் சட்டத்துக்கு ஒரு கனத்த புத்தகம் வைத்துப் படித்தேன்: 'லா அண்ட் மெடிக்கல் எதிக்ஸ்'. முதல் பதிப்பு 1983. அட்டையில் இரண்டு பெயர், மேசன், மெக்கால் ஸ்மித். நோயாளியின் சம்மதம் பற்றிய அத்தியாயத்தில் பென்சில் கோடு போடாத பக்கமே இல்லை. பல வருடம் கழித்து, பழைய புத்தகக் கடையில் ஒரு துப்பறியும் நாவலில் அதே பெயரைப் பார்த்தேன். வேறு யாரோ என்றுதான் நினைத்தேன். பின்னட்டையைப் படித்த பிறகுதான் அவரே இவர் என்று தெரிந்தது.

1948-இல் இன்றைய ஜிம்பாப்வேயில் இருக்கும் புலவாயோவில் பிறந்தவர். எடின்பரோ பல்கலைக்கழகத்தில் சட்டப் பேராசிரியராக இருந்தவர். போட்ஸ்வானா பல்கலைக்கழகத்தில் சட்டம் கற்பிக்கப் போனவர். அந்த நாட்டுக் குற்றவியல் சட்டம் பற்றியும் புத்தகம் எழுதியிருக்கிறார். அந்த மண்ணிலிருந்துதான் 1998-இல் 'த நம்பர் 1 லேடீஸ் டிடெக்டிவ் ஏஜென்சி' வந்தது.

முதல் பக்கத்திலேயே துப்பறியும் கதாநாயகி பிரஷஸ் ரமோட்ஸ்வேயின் அலுவலகச் சொத்துக்கணக்கு வந்துவிடுகிறது. ஒரு குட்டி வெள்ளை வேன், இரண்டு மேசை, இரண்டு நாற்காலி, ஒரு போன், ஒரு பழைய டைப்ரைட்டர், ஒரு தேநீர்க் கெண்டி, மூன்று கோப்பை. ஒன்று அவளுக்கு, ஒன்று செக்ரட்டரிக்கு, மூன்றாவது வரப்போகிற கட்சிக்காரருக்கு. வக்கீல் ஆபீஸில் ஜூனியராக இருந்தவன் நான். வருகிறவருக்கென்று ஒரு கோப்பையை முதலிலேயே எடுத்து வைப்பது எவ்வளவு பெரிய விஷயம் என்று எனக்குத் தெரியும்.

ஒரு வழக்கு மட்டும் சொல்கிறேன். "நான்தான் உன் அப்பா" என்று ஒருவன் ஒரு பெண்ணின் வீட்டில் வந்து உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருக்கிறான். ரமோட்ஸ்வே நர்ஸ் உடையில் போய், "உங்கள் மகள் விபத்தில் அடிபட்டுக் கிடக்கிறாள், உங்கள் ரத்தம் வேண்டும், நிறைய வேண்டும், உங்கள் உயிருக்கே ஆபத்து" என்கிறாள். உடனே அவன் வாயிலிருந்து உண்மை வந்துவிடுகிறது, தான் அப்பனில்லை என்று. மரியாதை ராமன் கதை கேட்டு வளர்ந்தவர்களுக்கு இந்தத் தீர்ப்பு புதிதாகத் தெரியாது. நான் நிமிர்ந்து உட்கார்ந்தது வேறு காரணத்துக்காக. ரத்தம், சம்மதம், உறவின் கடமை எல்லாமே அந்தப் பாடப்புத்தகத்துச் சரக்கு. அங்கே அடிக்குறிப்போடு இருந்தது இங்கே கெண்டித் தேநீரோடு இருக்கிறது. விதவிதமாக எழுதுகிறார் என்பார்கள். எனக்கு ஒரே மனிதர், ஒரே கேள்வியைச் சுற்றிச் சுற்றி வருவதாகத்தான் படுகிறது: அடுத்தவருக்கு நான் என்ன கடன்பட்டிருக்கிறேன்?

* * *

தம்பி சொன்னதற்கு, அவருடைய இன்னொரு நாவல் வரிசையின் கதாநாயகி இசபெல் டால்ஹவுசிதான் சரியான சாட்சி. 'த சண்டே ஃபிலாசஃபி கிளப்' தொடக்கத்தில் எடின்பரோ அஷர் ஹாலில் கச்சேரி முடிந்ததும் உச்சி மாடியிலிருந்து ஒரு இளைஞன் கீழே விழுகிறான். இசபெலுக்கு அவன் யாரென்றே தெரியாது. விழும்போது அவன் கடைசியாகப் பார்த்த முகம் தன்னுடையதாக இருக்கலாம் என்ற ஒரே காரணத்துக்காக, அவன் எப்படிச் செத்தான் என்று தேடத் தொடங்குகிறாள். இந்த ஒரு பக்கத்தை மறக்க முடியவில்லை.

குறையும் சொல்லிவிடுகிறேன். ரமோட்ஸ்வே வரிசையில் பிந்தைய புத்தகங்கள் எனக்கு ஓடவில்லை. துப்பு குறைந்து, பேச்சு கூடிவிட்டது. ஆனால் அந்தப் பேச்சில் வாய்க்கு வாய் 'ம்மா', 'ர்ரா' வரும், பெண்ணுக்கும் ஆணுக்கும் போட்ஸ்வானாவின் மரியாதைச் சொற்கள். "சொல்லுங்கம்மா", "வாங்கய்யா" என்று பேசும் வீட்டில் பிறந்த எனக்கு அதை வாய்விட்டுப் படிக்கப் பிடிக்கும். என் மனைவிக்குக் கண் மங்கிய பிறகு இரவில் அவளுக்குப் படித்துக் காட்டியது இந்தப் புத்தகங்களைத்தான். "இன்னைக்கு அந்தம்மா என்ன செய்யுது?" என்று கேட்டுவிட்டுத்தான் படுப்பாள்.

* * *

சார், நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டு இசபெல் புத்தகத்தை எடுத்திருக்கிறேன். அஷர் ஹால் வாசலில் எத்தனையோ முறை நடந்திருக்கிறேன், உள்ளே போனதில்லை. உங்கள் வீட்டம்மாவுக்கு எந்தப் புத்தகம் ரொம்பப் பிடித்தது என்று நேரம் கிடைக்கும்போது எழுதுங்கள்.