சுத்தம் செய்த எச்டிஎம்எல்லில் ஸ்கிரிப்ட் ஓடினால் தவறு யாருடையது?

செந்தூரன்: நான் பராமரிக்கும் ஒரு தளம் இன்னும் ஜேகுவெரி என்ற ஜாவாஸ்கிரிப்ட் லைப்ரரியின் 3.4.1 பதிப்பில் ஓடுகிறது. வாசகர்கள் எழுதும் குறிப்பை சர்வரில் ஆபத்தான பகுதிகளை நீக்கிச் சுத்தம் செய்த பிறகே, அதை டேக்குகளோடு பக்கத்தில் சேர்க்கும் ஜேகுவெரியின் எச்டிஎம்எல் மெத்தடுக்குக் கொடுக்கிறோம். ஆனாலும் பாதுகாப்புச் சோதனையில் எக்ஸ்எஸ்எஸ் ஓட்டை, அதாவது வெளியாளின் ஸ்கிரிப்ட் வாசகரின் பிரவுசரில் ஓடும் வழி, பிடிபட்டது. இது லைப்ரரியின் தவறு என்பதுதான் என் நிலை.

பாலா: ஒப்புக்கொள்ள மாட்டேன். வெளியாள் எழுதியதை எச்டிஎம்எல் மெத்தடில் போட்டதே தவறு. டெக்ஸ்ட் மெத்தட் எதற்கு இருக்கிறது?

செந்தூரன்: குறிப்பில் படமும் இணைப்பும் வருகின்றன. டெக்ஸ்டில் போட்டால் வாசகருக்கு வெறும் டேக் எழுத்துகள்தான் தெரியும்.

பாலா: சரி, அப்படியென்றால் உங்கள் சுத்திகரிப்பு ஓட்டை. ஸ்டைல், படம் ஏறாவிட்டால் ஸ்கிரிப்டை ஓட்டும் ஆன்எரர் மாதிரி எதையோ விட்டிருப்பீர்கள்.

தமிழினி: இல்லை பாலா, அவர் எதையும் விட்டிருக்க வேண்டியதே இல்லை. ஒரு இமேஜ் டேக், அதில் ஆல்ட், டைட்டில் என்ற இரண்டே பண்புகள். ஆல்ட்டின் மதிப்பு < குறியும் ஓர் எழுத்தும். டைட்டிலின் மதிப்பு /> என்று தொடங்குகிறது. அதன் பின்னால் ஆன்எரர் வைத்த இன்னொரு இமேஜ் டேக். எல்லாம் மேற்கோள் குறிக்குள் இருப்பதால் வெறும் எழுத்துதான், சுத்திகரிப்பான் அதை விடுவது சரியே. ஆனால் பழைய ஜேகுவெரி, /> என்று முடிந்து தானே மூடிக்கொள்ளும் டேக்குகளை ரெகுலர் எக்ஸ்பிரஷன் என்ற தேடல் வடிவத்தால் தேடி, தனி மூடும் டேக் சேர்த்து விரித்து எழுதும். மேற்கோள் குறி அதன் கண்ணில் படாது. ஆல்ட்டில் உள்ள < முதல் டைட்டிலில் உள்ள /> வரை ஒரே டேக் என்று எண்ணி, அதற்கு ஒரு மூடும் டேக்கை நடுவில் செருகும். ஆல்ட்டின் முடிவிலிருந்த மேற்கோள் குறியும் அதோடு நகலாகிப் போய் டைட்டிலை மூடிவிடும். உள்ளே அடங்கியிருந்த இரண்டாவது இமேஜ் உயிர் பெற்றுவிடும். கழுவி வைத்த பாத்திரத்தை லைப்ரரியே அழுக்காக்கினால் கழுவியவர் மேல் பழி போடுவது நியாயமே இல்லை.

பாலா: இந்த உதாரணம் எனக்குப் புதிது. அந்த ஓட்டைக்கு லைப்ரரிதான் பொறுப்பு, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் 2020 ஏப்ரலில் வந்த 3.5.0-இல் அந்த விரித்தெழுதலையே எடுத்துவிட்டார்களே! இத்தனை வருடம் ஏன் பழையதிலேயே இருந்தீர்கள்?

செந்தூரன்: மாற்றிப் பார்த்தோம். எங்கள் டெம்ப்ளேட்டில் டிவ்கள், அதாவது பக்கத்தின் பெட்டிகள், தனி மூடும் டேக் இல்லாமல் /> என்றே முடிந்து அடுத்தடுத்து இருந்தன. புதியதில் ஒன்றுக்குள் ஒன்று போய்ப் பக்கமே கலைந்தது. பழையதற்கே திரும்பிவிட்டோம்.

பாலா: அந்த டிவ்களைச் சரிசெய்ய ஒரு வாரம் ஆகுமா? உங்கள் வாசகர்கள் உள்நுழைந்ததற்கு அடையாளமான செஷன் குக்கி இத்தனை வருடம் திறந்து கிடந்தது. அந்தப் பங்கு லைப்ரரியுடையது இல்லை.

செந்தூரன்: அதை மறுக்கவில்லை. ஆனால் ரியாக்ட் என்ற வேறொரு லைப்ரரிக்கு மாறினால் தீரும் என்கிறார்கள் அலுவலகத்தில்.

தமிழினி: பாதிதான் தீரும். ரியாக்ட் எழுத்துகளைத் தானே எஸ்கேப் செய்யும், அதாவது டேக்காக மாறாமல் வெறும் எழுத்தாகவே காட்டும். ஆனால் இணைப்பின் முகவரியில் ஜாவாஸ்கிரிப்ட் என்று தொடங்கினால் ரியாக்ட் 16.9 பதிப்பு வெறும் எச்சரிக்கைதான் காட்டியது. 19-இல்தான் தடுத்தார்கள். முகவரி எச்டிடிபி, எச்டிடிபிஎஸ்-இல் தொடங்குகிறதா என்று சர்வரிலேயே பாருங்கள். அதற்கு முன் இன்றைக்கே அந்த டிவ்களுக்குத் தனி மூடும் டேக் போட்டு, ஜேகுவெரியைப் புதியதாக்குங்கள்.