சூடு வைச்ச பிறகு சிலிண்டர் ஹெட்டில கொப்புளம், காதும் உடைஞ்சிட்டுது. என்ன பிழை?

கோண்டாவில் பட்டறை:
வணக்கம். பழைய தண்ணி இறைக்கிற மிசின் ஒண்டுக்கு ஹெட் (எஞ்சின் சிலிண்டரின்ர மேல்மூடி) எங்கயும் கிடைக்கேல்லை. அதால நானே பழைய அலுமினியத்தை உருக்கி மண் அச்சில மூண்டு வார்த்தனான். பார்க்க வடிவாத்தான் இருந்தது. வலுவேற எண்டு, வீடியோ ஒண்டில சொன்னபடி ரெண்டை 540 பாகையில 8 மணித்தியாலம் வைச்சு, கிணத்துத் தண்ணியில போட்டு, பிறகு 155 இல 4 மணித்தியாலம் வைச்சன். எடுத்துப் பார்த்தால் மேலெல்லாம் கொப்புளம், மூலைகளில வேர்த்த மாதிரி உலோக மணி. நட்டை இறுக்க, அது பிடிக்கிற காது ஒண்டு படக்கெண்டு உடைஞ்சிட்டுது. சூடு காணாதோ? 560க்கு ஏத்தட்டோ?

லேத்காரன்:
ஐயோ, ஏத்தாதேங்கோ! என்னத்தை உருக்கினனீங்கள்?

கோண்டாவில் பட்டறை:
பாதி பழைய டீசல் பிஸ்டன். மிச்சம் மோட்டர் சைக்கிள் கியர்பொக்ஸ் மூடி, கிளச் மூடி. மண்ணெண்ணெய் அடுப்பு.

உலைக்களம்:
தம்பி, அந்த 540 ஏ356 எண்ட அலுமினியக் கலவைக்குரியது. அதில சிலிக்கன் 7 வீதம், மக்னீசியம் 0.3 வீதமளவு, செம்பு இல்லையெண்டே சொல்லலாம். உங்கட மூடியள் டை காஸ்ற்றிங், எண்டால் இரும்பு அச்சுக்குள்ள அமுக்கி வார்த்தது. அனேகமா ஏடிசி12 எண்ட கலவைச் சாதி, செம்பு 1.5 இல இருந்து 3.5 வீதம். வார்ப்பு இறுகேக்க செம்பு சேர்ந்த பகுதி கடைசியா, மரக்கிளை மாதிரி வளருற உலோகப் படிகங்களுக்கு இடையில ஒதுங்கி இறுகும். அது 510, 520 பாகையிலயே உருகத் தொடங்கிவிடும். 540 இல ஹெட் உருகேல்லை, அந்தப் படிகங்களுக்கு இடையில இருக்கிற மூட்டுகள் உருகிட்டுது. வேர்த்த மணி அதுதான். இனி எந்தச் சூடும் அதைத் திருத்தாது, திரும்ப உருக்கத்தான் வேணும்.

கொப்புளம் வேற கதை. உருகின அலுமினியம் ஐதரசனை நல்லாக் குடிக்கும், இறுகினால் வைச்சிருக்காது. பிஸ்டனில ஒட்டின எண்ணெய்க் கரி, ஈர மண், மண்ணெண்ணெய்ச் சுவாலையின்ர நீராவி எல்லாம் அதைக் கொடுக்கும். உள்ளுக்க அடைபட்ட வாயு, உலோகம் சூட்டில இளக மேல்தோலைத் தள்ளுது.

காது உடைஞ்சதுக்கு, கலவையில கலந்த இரும்பிலயும் எனக்குச் சந்தேகம். டை காஸ்ற்றிங்கில உலோகம் அச்சில ஒட்டாமல் இருக்க இரும்பை வேணுமெண்டே 1 வீதமளவில விடுவினம். டீசல் பிஸ்டன் சிலதில பிஸ்டன் ரிங் இருக்கிற காடிக்கு வார்ப்பிரும்பு வளையமும் கிடக்கும். மண் அச்சில மெதுவா ஆற, இரும்பு ஊசி ஊசியா வளரும், விரிசல் அதுவழியா ஓடும். மங்கனீசு சேர்த்தால் ஊசி சீன எழுத்து மாதிரிச் சுருளும், ஆனா இரும்பு போகாது.

சூடு வைக்காத மூண்டாவதை அறுத்து, 1200 நம்பர் எமரியால தேய்ச்சு, கைவில்லையால பாருங்கோ. உருண்டையான வழுவழு ஓட்டை எண்டால் வாயு. கிழிஞ்ச மாதிரி எண்டால் ஆறேக்க உலோகம் காணாமல் வந்த சுருக்கம்.

லேத்காரன்:
உடைஞ்ச கார் அலோய் வீல் தேடுங்கோ, அனேகமா ஏ356 தான். 540 அதுக்குச் சரி. (போர்க்காலத்தில பெற்றோலுக்குத் தடை இருக்கேக்க மண்ணெண்ணெயில மோட்டர் சைக்கிள் ஓட்டின யாழ்ப்பாணம் இது, ஹெட் வார்க்கிறது பெரிய விசயமோ!)

உலைக்களம்:
ஓம், வீல் நல்லது. பெயின்றைச் சுரண்டி, நல்லாக் காயவைச்சுப் போடுங்கோ. ஈரத்துண்டு உருகின உலோகத்துக்குள்ள போனால் வெடிக்கும், முகத்தோட விளையாடாதேங்கோ. பச்சத்தண்ணியில தோய்க்காமல் 60, 80 பாகைச் சுடுதண்ணியில தோயுங்கோ, நெளிவு குறையும். இன்னொண்டு: ஹெட் ஓடேக்கயே சூடாகிற சாமான். தோய்ச்ச பிறகு வைக்கிற ரெண்டாம் சூட்டை முதிர்த்திறது எண்டு சொல்லுவினம்; 155 இல முதிர்த்தினால் பிறகு ஓட ஓட அளவு மாறும். 200க்கு மேல வைச்சு முதிர்த்தினால் வலு கொஞ்சம் குறையும், ஆனா அளவு நிலைச்சு நிக்கும்.

கோண்டாவில் பட்டறை:
அறுத்துப் பார்த்தன் அண்ணை. சூடு வைக்காததிலயும் உருண்டை ஓட்டை கிடக்கு. வேர்த்த மணி மட்டும் அதில இல்லை. ரெண்டு பிழையும் என்ர தலையில தான். சாவகச்சேரியில ஒரு பழைய இரும்புக்காரரிட்ட உடைஞ்ச வீல் ரெண்டு இருக்காம், நாளைக்கு விடியப் போறன்.