புதுப்பிப்பு: வளவில் மாட்டிய சென்சார் பேச ஆரம்பித்துவிட்டது

காரைக்குடி வீட்டில், மழைக்காலத்தில் வளவுக்குள் (நடுமுற்றத்தைச் சுற்றிய பகுதி) எவ்வளவு ஈரம் ஏறுகிறது என்று பார்க்க, ராஸ்பெர்ரி பை என்ற சின்னக் கணினியில், வெப்பமும் ஈரப்பதமும் அளக்கும் பிஎம்இ280 சென்சார் மாட்டினேன். லினக்ஸ் கர்னல் (இயங்குதளத்தின் மையப் பகுதி) அதைக் கண்டுகொள்ளவே இல்லை, என்ன செய்யலாம் என்று முன்பு இங்கே கேட்டிருந்தேன். இப்போது சரியாகிவிட்டது.

யூஎஸ்பி கருவி தான் யாரென்று தானே சொல்லிவிடும். ஐ2சி கம்பியில் (சில்லுகளைக் கணினியோடு இணைக்கும் இரு கம்பித் தொடர்பு) இருக்கும் சென்சார் சில்லு சொல்லாது. அதனால் எந்தச் சில்லு எங்கே இருக்கிறது என்று கர்னலுக்குச் சொல்லும் பட்டியலான டிவைஸ் ட்ரீயில் அதற்கென்று ஒரு முனை (பதிவு) வேண்டும். அதில் ‘கம்பேட்டிபிள்’ வரியைப் பார்த்துத்தான் கர்னல் டிரைவரை (சில்லை இயக்கும் நிரல்) பொருத்துகிறது. ‘ரெக்’ வரி, கம்பியில் சில்லின் முகவரி. தயாராகக் கிடைக்கும் ஓவர்லே (டிவைஸ் ட்ரீயில் அந்த முனையைச் சேர்க்கும் கோப்பு), பதினாறடிமான எண்ணில் 76 என்று எடுத்துக்கொள்கிறது. என் பலகையில் முகவரியைத் தீர்மானிக்கும் எஸ்டிஓ முள் மின்னழுத்தத்தோடு சேர்ந்திருப்பதால் முகவரி 77. அதனால் டிரைவர் 76இல் சில்லின் அடையாள எண்ணைக் கேட்கும், பதில் வராது, விலகிவிடும்.

“ஐ2சிடிடெக்ட் ஓட்டிப் பாருங்க தம்பி” என்று பதில் சொன்ன தேவகோட்டை அண்ணனுக்கு மனமார்ந்த நன்றி. அது கம்பியில் எந்த முகவரிகள் பதில் தருகின்றன என்று காட்டும் கருவி. அட்டவணையில் 77 பளிச்சென்று நின்றது. கன்ஃபிக் கோப்பின் ஓவர்லே வரியில் முகவரியைச் சேர்த்து மறுதொடக்கம் செய்தேன், அவ்வளவுதான். டிரைவர் நிரலில் ஒரு எழுத்தைக்கூடத் தொடவில்லை. எனக்கு இதில் பிடித்ததே அதுதான்.

டிரைவர் வெப்ப அளவைத் தரும் கோப்பில் 31240 என்று வந்தால் மிரள வேண்டாம், ஆயிரத்தால் வகுத்தால் 31.24 டிகிரி. அப்புறம், வாங்கும்போது கவனம்: அடையாள எண் பதினாறடிமானத்தில் 60 வர வேண்டும். 58 வந்தால் அது பிஎம்பி280, ஈரப்பதம் அளக்காது.