மெஸி 240 டிரெக்டர் புகை தள்ளுது, அவசரம்

வெல்லாவெளிப் பக்கம்: ரெண்டு நாளா சைலன்சரால புகை. நாளைக்கு மண் கிளறுற ரொட்டவேட்டர் போடணும். டீசல் தெளிக்கிற இன்ஜெக்டர மாத்தவா? கெதியாச் சொல்லுங்க.

மண்டூரான்: என்ன நிறம் தம்பி? ஸ்டார்ட் பண்ணக்குள்ளயா, பாரம் இழுக்கக்குள்ளயா? கறுப்பெண்டா காத்துக் குறைவு, இல்லாட்டி டீசல் கூட. வெள்ளையெண்டா எரியாத டீசல், இல்லாட்டித் தண்ணி. நீலமெண்டா ஒயில்.

கராச்காரன்: இன்ஜெக்டர்தான். கழட்டி டெஸ்ட்டுக்குக் குடுங்க.

பழைய பெர்கின்ஸ்: நிறமே தெரியாம இன்ஜெக்டராம்! புகையப் பத்தி எத்தின தரம் எழுதி வெச்சிருக்கன், ஒருத்தரும் தேடிப் படிக்கிறதில்ல.

வெல்லாவெளிப் பக்கம்: நீலம். இழுக்கக்குள்ள கூட.

கராச்காரன்: அப்ப பிஸ்டன் ரிங் தேஞ்சு போயிட்டு. மூணு பிஸ்டனையும் கழட்டணும்.

சம்மாந்துறை: பொறுங்க காக்கா. தம்பி, கடைசியா என்ன வேல செஞ்சீங்க? சர்வீஸா?

வெல்லாவெளிப் பக்கம்: ஓம், முந்தநாள் ஒயில் மாத்தின. எயார் கிளீனரும் கழுவின.

சம்மாந்துறை: இத முதல்ல சொல்லியிருக்கலாமே! ஒயில் கிண்ணம் உள்ள எயார் கிளீனர்தானே? கிண்ணத்துல ஒரு கோடு இரிக்கி. அதுக்கு மேல ஊத்தினா எஞ்சின் அந்த ஒயில உறிஞ்சும். கூடப் போனா ரேஸ் ஏறி ஓடும், ஸ்டொப் இழுத்தாலும் நிக்காது. அப்படி ஓடினா காத்து வாய்ப் பலகையால அடைங்க, கையால வேணாம். அடுத்தது எஞ்சின் ஒயில் மட்டம் பாக்கிற டிப்ஸ்டிக். சமதரையில நிப்பாட்டி, பத்து நிமிசம் விட்டுப் பாருங்க. வரம்புல சரிஞ்சு நிண்டா பொய்தான் காட்டும். மட்டம் தானா ஏறி டீசல் மணத்தா, டீசல் ஏத்துற ஃபீட் பம்ப்புட சவ்வு, டயபிரம், கிழிஞ்சிரிக்கி.

மண்டூரான்: அதுக்குப் பிறகும் இழுக்கக்குள்ள நீலமெண்டா எஞ்சினுக்குள்ள இருந்து காத்து வெளிய விடுற பிரீதர் குழாயப் பாருங்க. அதாலயும் புகை ஊதினாத்தான் ரிங். காலையில ஸ்டார்ட்டுக்கு மட்டும் வந்து அடங்கினா வால்வ் தண்டு ஓடுற வால்வ் கைட் தேஞ்சிட்டு.

கராச்காரன்: கிண்ணத்துக்குக் கழிவு ஒயில் போதும், புதுசு வீண் செலவு.

பழைய பெர்கின்ஸ்: கழிவு ஒயில்ல கரியும் இரும்புத் தூளும் கிடக்கு. தூசி பிடிக்கத்தானே அந்தக் கிண்ணம், அதுக்குள்ளயே அழுக்க ஊத்தவா?

கராச்காரன்: எங்கட பக்கம் எல்லாரும் அதான் ஊத்துறாங்க.

பழைய பெர்கின்ஸ்: அதான் உங்கட பக்கம் எல்லாருக்கும் ரிங் மாத்துறீங்க.

வெல்லாவெளிப் பக்கம்: கோட்டுக்கு மேல ரெண்டு விரல் நிண்டிச்சு. குறைச்ச. இழுக்கக்குள்ள இல்ல. காலையில கொஞ்சம் வருகுது.

மண்டூரான்: குழாய்க்குள்ள மிச்ச ஒயில் கிடக்கும், ஒரு நாள் ஓடவிட்டுப் பாருங்க. பிறகும் வந்தா வால்வ் கைட்தான். உழவு முடியட்டும், பிறகு ஹெட்டக் கழட்டலாம்.

கராச்காரன்: கழிவு ஒயில வடிச்சு ஊத்தினா என்ன பிழையாம்?