மோர்வான் காடுகளும் யோன் பள்ளத்தாக்கும்: நான்கு நாள் கிராவல் பயணத்தை எங்கிருந்து தொடங்குவது?

கேள்வி: செம்மண்தடம்

வணக்கம். பாரிஸ் புறநகரில் வசிக்கிறேன். மண், சரளைப் பாதைகளிலும் ஓட்டக்கூடிய கிராவல் மிதிவண்டி வாங்கி இரண்டு ஆண்டுகள் ஆகின்றன. ஆனால் ஃபோந்தேன்புளோ காட்டின் மணற்பாதைகளுக்கு அப்பால் இதுவரை போனதில்லை. அக்டோபர் கடைசி வாரத்தில் நான்கு நாள் விடுப்பு கிடைத்திருக்கிறது. பர்கண்டிப் பகுதியிலுள்ள மோர்வான் மலைக்காடுகளுக்குத் தனியாகப் போக நினைக்கிறேன்.

தொடருந்தில் ஓசேர் வரை சென்று, அங்கிருந்து நிவெர்னே கால்வாயின் கரைப்பாதையில் க்ளாம்சி நகரை அடைந்து, பிறகு மலை ஏறி செத்தோன் ஏரியைப் பார்த்துவிட்டு ஆவலோன் வழியாகத் திரும்புவது என் திட்டம். முதல் நாள் சமதளமாக இருந்தால் உடல் பழகிக்கொள்ளும் என்று எண்ணினேன். இந்தத் திசை சரிதானா? 38 மில்லிமீட்டர் டயர் போதுமா? அக்டோபர் வேட்டைக்காலம் என்பதால் காட்டுக்குள் போகவே வேண்டாம் என்று உடன் வேலை செய்பவர்கள் எச்சரிக்கிறார்கள். அனுபவம் உள்ளவர்கள் வழிகாட்டினால் நன்றியுடையவனாவேன்.

பதில்: மேட்டுக்காடு

வணக்கம் நண்பரே. தாங்கள் தேர்ந்தெடுத்த ஊர்கள் எல்லாம் அருமையானவை. திசையை மட்டும் தலைகீழாக மாற்றிக்கொள்ளுங்கள் என்று வற்புறுத்திச் சொல்வேன். பாரிஸ் பெர்சி நிலையத்திலிருந்து ஆவலோனுக்கு ரயிலில் வந்துவிடலாம். ஊருக்குக் கீழேயே குசான் ஆற்றின் பள்ளத்தாக்கு இருக்கிறது. பழைய நீராலைகளும் பாசி படிந்த பாறைகளுமாக அது நேரே கருங்கல் மலைக்குள் அழைத்துச் செல்லும். கால்கள் புதிதாக இருக்கும் முதல் இரண்டு நாட்களில் ஏற்றங்களை முடித்துவிடுங்கள். மோர்வானின் மிக உயர்ந்த இடமான ஓ-ஃபோலான் 901 மீட்டர்தான். ஆனால் ஒவ்வொரு ஓடையும் தனக்கென ஒரு பள்ளம் வெட்டி வைத்திருப்பதால், நாள் முழுவதும் இறங்கி இறங்கி ஏற வேண்டியிருக்கும்; மாலையில் கூட்டிப் பார்த்தால்தான் எவ்வளவு ஏறியிருக்கிறோம் என்பது தெரியும்.

தண்ணீர் ஓடும் திசையிலேயே போவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. பதினாறாம் நூற்றாண்டிலிருந்து இருபதாம் நூற்றாண்டின் தொடக்கம் வரை பாரிஸ் நகரத்து அடுப்புகளில் எரிந்த விறகில் பெரும்பங்கு இந்த மலையிலிருந்து ஆற்று வழியாகவே போனது. வெட்டிய கட்டைகளின் முனையில் உரிமையாளரின் முத்திரையைச் சுத்தியலால் பதித்து, சிற்றோடைகளில் தனித்தனியாகத் தள்ளிவிடுவார்கள். மேலே குளங்களில் தேக்கிவைத்த நீரைத் திறந்துவிட்டால் கட்டைகள் வெள்ளத்தோடு யோன் ஆற்றுக்கு வந்து சேரும். க்ளாம்சியில் அவற்றை முத்திரை பார்த்துப் பிரித்து, நீண்ட தெப்பங்களாகக் கட்டி, யோன், சேன் ஆறுகள் வழியே பாரிஸுக்கு ஓட்டிச் செல்வார்கள். செத்தோன் ஏரி இயற்கையாக அமைந்ததன்று. கட்டை மிதப்பதற்கு நீர் வேண்டும் என்பதற்காகவே பத்தொன்பதாம் நூற்றாண்டில் அங்கே அணை கட்டினார்கள். 1784-இல் நிவெர்னே கால்வாயை வெட்டத் தொடங்கியதும் பாரிஸின் விறகுத் தேவைக்காகவே. ஆகவே காட்டில் தொடங்கி, ஏரியைக் கண்டு, யோன் பள்ளத்தாக்கில் இறங்கி, கடைசி நாள் கால்வாய்க்கரையில் ஓசேர் வந்து சேர்ந்தால், அந்த விறகு போன வழியை முழுவதுமாகக் கண்ணால் பார்த்தவராவீர்கள். க்ளாம்சிப் பாலத்தில் நிற்கும் தெப்பக்காரர் சிலையின் முன் ஐந்து நிமிடமாவது நில்லுங்கள். மேலே அந்த ஓடைகளைக் கடந்து வந்த பிறகு அதைப் பார்ப்பதே தனி அனுபவம்.

நடைமுறைப் பயனும் இருக்கிறது. க்ளாம்சிக்கும் ஓசேருக்கும் இடையே ரயில் பாதை பெரும்பாலும் ஆற்றை ஒட்டியே ஓடுகிறது. மழையோ களைப்போ வந்தால் ஷாத்தெல்-சான்சுவார் போன்ற சிறு நிலையம் ஒன்றில் ஏறிக்கொள்ளலாம். மலைக்குள் அந்த வசதி கிடையாது; எனவே அந்தப் பகுதியை வானிலை முன்னறிவிப்பு நம்பகமாக இருக்கும் முதல் நாட்களில் வைத்துக்கொள்வது நல்லது. 38 டயரில் நான் இந்தப் பயணத்தை முடித்திருக்கிறேன்.

பதில்: ஈரச்சக்கரம்

திசை குறித்து மேட்டுக்காடு சொன்னதை முழுமையாக ஏற்கிறேன். டயர் விஷயத்தில் உடன்பட முடியவில்லை. அவர் கோடையில் போயிருக்க வேண்டும். அக்டோபர் இறுதிக்கு, சட்டகத்தில் இடம் இருந்தால், 45 மில்லிமீட்டர் ட்யூப்லெஸ் (உள்டியூப் இல்லாத) டயரைப் போட்டுக்கொள்ளுங்கள். எழுபது கிலோ எடையுள்ளவர் மூட்டைமுடிச்சோடு போவதாக இருந்தால் காற்றழுத்தம் 2 பார் அளவில் இருந்தால் போதும். அதற்கு மேல் அடித்தால் ஈர வேர்களில் வழுக்கும்.

இந்தப் பயணத்தில் மூன்று வகை நிலத்தைக் கடக்கிறீர்கள். உள்மலை கருங்கல். அது சிதைந்து பரல்மணலாக மாறுவதால் மழைநீர் உடனே வடிந்துவிடும், பாதை கெட்டியாக இருக்கும். மலையைச் சுற்றி வளையம்போல் ஒரு களிமண் தாழ்நிலம் இருக்கிறது; மேய்ச்சல் நிலங்களும் வெள்ளை ஷரொலே மாடுகளும் நிறைந்த பகுதி. மழை பெய்துவிட்டால் அந்தக் களிமண் டயருக்கும் சட்டகத்துக்கும் நடுவே அப்பிக்கொண்டு சக்கரத்தையே நிறுத்திவிடும். என் கியர் மாற்றியை ஒருமுறை அங்கேதான் உடைத்துக்கொண்டேன். ஈர நாளில் அந்த வளையத்தை மட்டும் சிறு தார்ச்சாலைகளில் கடந்துவிடுங்கள். க்ளாம்சிக்கு வடக்கே சுண்ணாம்புக்கல் தொடங்கும். யோன் ஆற்றங்கரையில் சொசுவா செங்குத்துப் பாறைகளில் மலையேறுபவர்கள் தொங்குவதைக் காண்பீர்கள். அங்கு பாதை பற்றிய கவலையே இல்லை.

மற்றொன்றையும் சொல்லியாக வேண்டும். வரைபடத்தில் காடு என்று பச்சையாகத் தெரிவதெல்லாம் இன்றும் காடாக இருக்கும் என்று நம்பாதீர்கள். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு, பழைய ஓக், பீச் மரங்கள் நின்ற இடங்களில் வட அமெரிக்காவைச் சேர்ந்த டக்ளஸ் ஊசியிலை மரங்களைப் பெருமளவில் நட்டார்கள். அவை முற்றியதும் ஒரு சரிவு முழுவதையும் ஒரே வீச்சில் மொட்டையடித்துவிடுகிறார்கள். நேற்றுவரை நிழற்பாதையாக இருந்தது இன்று முழங்கால் ஆழ வண்டித்தடமாகக் கிடக்கும். உள்ளூர் மக்கள் பலர் இதை எதிர்த்துக் குரல் கொடுத்து வருகிறார்கள். பார்க்கும்போது எனக்கும் மனம் கனக்கிறது. கனரக வண்டிகள் வேலை செய்யும் இடத்தில் அடுக்கிய மரக்கட்டைகள் மீது ஏறவே கூடாது, அவை உருளும். திரும்பி வேறு வழி தேடுங்கள்.

பதில்: யோன்கரை

வேட்டை பற்றி யாரும் சொல்லவில்லையே. நான் இந்தப் பக்கத்திலேயே வசிப்பதால் எழுதுகிறேன். பருவம் செப்டம்பரில் தொடங்கிப் பிப்ரவரி இறுதிவரை நீடிக்கும். காட்டுப்பன்றியையும் மானையும் கூட்டமாக விரட்டிச் சுடும் வேட்டை பெரும்பாலும் வார இறுதிகளில் நடக்கும். எனவே மலைப்பகுதியைத் திங்கள் முதல் வியாழனுக்குள் வைத்துக்கொள்ளுங்கள். சாலையோரத்தில் வேட்டை நடப்பதாக அறிவிப்புப் பலகை இருந்தால் அந்தத் தடத்தை விட்டுவிடுங்கள். ஆரஞ்சு நிற மேலாடை கட்டாயம். வேட்டைக்காரர்களைக் கண்டால் நின்று வணக்கம் சொல்லி எந்தப் பக்கம் போகலாம் என்று கேளுங்கள். இதுவரை என்னிடம் ஒருவரும் முகம் சுளித்ததில்லை.

பிரான்சின் காடுகளில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கு தனியாருடையது என்பதையும் நினைவில் வையுங்கள். சங்கிலியோ தனியார் சொத்து என்ற பலகையோ இருந்தால் நுழையக் கூடாது. 2023-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அதற்கு அபராதம் உண்டு. ஊராட்சிக்குச் சொந்தமான கிராமப்பாதைகள் பொதுமக்களுக்குத் திறந்தவை.

குடிநீருக்குக் கல்லறைத்தோட்டக் குழாய்கள் உதவும்; குடிக்கத் தகாதது என்ற எழுத்து இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். ரொட்டிக்கடைகள் பல திங்களன்று மூடியிருக்கும். மற்ற நாட்களிலும் நண்பகலுக்குப் பிறகு நம்ப முடியாது. ஊராட்சிக் கூடாரத் திடல்களில் பெரும்பாலானவை அதற்குள் பருவத்தை முடித்திருக்கும் என்பதால் அறைகளை முன்பதிவு செய்யுங்கள். அக்டோபர் கடைசி ஞாயிறன்று கடிகாரம் ஒரு மணி பின்னோக்கிப் போகிறது. அதன்பின் மாலை ஐந்தரை வாக்கிலேயே சூரியன் மறைந்துவிடும்.

மறுமொழி: செம்மண்தடம்

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. திசையை மாற்றிவிட்டேன்: திங்கள் காலை ஆவலோன், அன்றிரவு செத்தோன் ஏரிக்கரை, செவ்வாய் ஷாத்தோ-ஷினோன், புதன் க்ளாம்சி, வியாழன் மாலை ஓசேர். என் சட்டகத்தில் 42-க்கு மேல் டயர் நுழையாது. ஆகவே 42 போட்டுக்கொண்டு, மழை பெய்தால் களிமண் வளையத்தைத் தார்ச்சாலையில் கடக்கிறேன். யோன்கரை அவர்களிடம் ஒரே ஒரு கேள்வி: ஷாத்தோ-ஷினோனிலிருந்து க்ளாம்சி போகும் நாள்தான் மிக நீளமாகத் தெரிகிறது; நடுவில் சூடாக ஏதேனும் சாப்பிட ஊர் உண்டா?

பதில்: யோன்கரை

கொர்பின்யி. அது சந்தை கூடும் சிற்றூர், உணவகங்கள் இருக்கின்றன. பன்னிரண்டிலிருந்து ஒன்றரைக்குள் போய்ச் சேருங்கள், அதற்குப் பிறகு அடுப்பை அணைத்துவிடுவார்கள்.