தாராவி டூர்: எப்படித் தேர்ந்தெடுப்பது, எதில் கவனமாக இருப்பது?

தூரப்பயணி:
ஜூலை கடைசியில் மும்பை போகிறோம். நாலு பேர். ஒருவருக்கு 65 வயது, லேசாக வீசிங் உண்டு. தாராவிக்குள் கைடோடு நடந்து பார்க்கும் டூர் ஆன்லைனில் ஏகப்பட்டது இருக்கு. எதை நம்பி புக் பண்ணுவது? மழையில் போகலாமா? ஏழைகள் வாழும் இடத்தை டிக்கெட் போட்டுப் பார்ப்பது சரியா என்று வீட்டில் ஒரே வாக்குவாதம்.

நாலாவது சந்து:
புக் பண்ணும் முன் போன் போட்டுப் பேசுங்க. கைடு தாராவிக்காரரா, ஒரு குழுவில் எத்தனை பேர் என்று கேளுங்க. ஆறேழு பேருக்கு மேல் என்றால் விட்டுடுங்க. பல சந்துகளில் ஒருத்தர் பின்னால் ஒருத்தராகத்தான் போக முடியும். கடைசியில் நிற்பவருக்கு கைடு சொல்வது கேட்காது, மூட்டை சுமந்து வருகிறவருக்கும் வழி அடைபடும். லாபத்தில் ஒரு பங்கு மக்களுக்குப் போகிறது என்றால் எந்தப் பள்ளிக்கு, எந்த வகுப்புக்கு என்று கேளுங்க. "சேவை பண்றோம்" என்று மட்டும் இழுத்தால் புரிஞ்சுக்க வேண்டியதுதான். "வீட்டுக்குள்ளே கூட்டிட்டுப் போய்க் காட்டுவோம்" என்பவரிடம் போகவே போகாதீங்க.

சரியா தப்பா என்பது பாதி இதிலேயே முடிஞ்சிடும். பட்டறைகளைக் காட்டுகிற டூர் வேற, குடித்தனத்தை எட்டிப் பார்க்க வைக்கிற டூர் வேற.

சூளைப்புகை:
வீசிங் இருப்பவருக்கு இரண்டு இடம் சிக்கல். ஒன்று, பதின்மூன்றாம் காம்பவுண்ட் எனப்படும் பழைய பிளாஸ்டிக் பகுதி. ரகம் பிரித்து, அரைத்து, கழுவி, காயவைத்து, உருக்கிக் கம்பியாக இழுத்துக் குருணையாக வெட்டுவார்கள். அரைக்கும் இடத்தில் தூசி, உருக்கும் இடத்தில் ஆவி. இன்னொன்று கும்பார்வாடா, அதாவது சௌராஷ்டிரத்திலிருந்து வந்த குயவர்களின் பகுதி. சூளைக்குப் பஞ்சுக் கழிவைப் போட்டு எரிப்பதால் புகை கண்ணைக் கரிக்கும். இன்ஹேலர் கையில் இருக்கட்டும். சூளை எரியும் நேரம் என்றால் அந்தத் தெருவை மட்டும் விட்டுவிடச் சொல்லுங்க, நல்ல கைடு முகம் சுளிக்க மாட்டார்.

மழையில் போகலாம், ஆனா பாதிக் காட்சி கிடைக்காது. கூரை மேல் பிளாஸ்டிக் காய்வதும், கவிழ்த்த கூடைகள் மேல் அப்பளம் காய்வதும் வெயில் நாளில்தான். சாக்கடை மூடிக் கல் வழுக்கும், ஓரம் உடைந்தும் இருக்கும். மூடிய ஷூ கட்டாயம், செருப்பு வேண்டாம். குடையும் வேண்டாம், ரெயின்கோட் போடுங்க: தலைக்கு மேல் ஒயர் தொங்கும் சந்தில் குடை விரிக்கவே கூடாது. நடை இரண்டு, இரண்டரை மணி நேரம். பாத்ரூம் முன்பே போயிட்டு வந்திடுங்க.

தூரப்பயணி:
நன்றி. போட்டோ? பசங்களுக்குச் சாக்லேட் வாங்கிட்டுப் போகலாமா?

நாலாவது சந்து:
போட்டோவே கூடாது என்று சொல்லும் டூரைத்தான் நான் எடுக்கச் சொல்வேன். சாக்லேட்டும் வேண்டாம். ஒரு குழு கொடுத்தால் அடுத்து வருகிற எல்லாக் குழு பின்னாலும் பசங்க ஓடி வருவாங்க.

திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்த குடும்பங்கள் அங்கே நிறைய, தமிழில் தாராளமாப் பேசலாம். ஆனா "எத்தனை வருஷமா இங்கே இருக்கீங்க?" என்று கேட்காதீங்க. தாராவியை இடித்துப் புதிதாகக் கட்டும் மறுசீரமைப்புத் திட்டத்துக்காக 2024-ல் வீடு வீடாகக் கணக்கெடுப்பு தொடங்கியது. 2000 ஜனவரி 1-க்கு முன்பிருந்த தரைத்தள வீட்டுக்குத்தான் தாராவிக்குள்ளேயே இலவசமாக 350 சதுர அடி. மாடியில் இருப்பவர், பின்னால் வந்தவர் கதை வேற. நீங்க சும்மா கேட்பதும் அவர்களுக்கு அதிகாரி கேட்பது போலத்தான் இருக்கும். தொழிலைப் பற்றிக் கேளுங்க, சளைக்காமல் சொல்வாங்க.

தாதர் மாற்றம்:
யாரும் சொல்லாத ஒன்று. சந்திக்கும் இடம் மாஹிமா சயானா என்று பார்த்துக்கோங்க. தாராவிக்கு மேற்கே மாஹிம், கிழக்கே சயான். முன்னது மேற்கு ரயில்வே, பின்னது மத்திய ரயில்வே. தப்பாகப் போனால் தாதர் வந்து மாறணும். ஃபாஸ்ட் லோக்கலில் ஏறாதீங்க, இரண்டிலும் நிற்காது. பாந்திராவிலோ குர்லாவிலோதான் போய் இறங்குவீங்க. காலை பதினொரு மணிக்கு மேல் கிளம்பினால் ரயிலில் பெரியவரும் நிம்மதியா ஏறலாம்.