வயசான ஆப்பிரிக்கச் சாம்பல் கிளி: காலைத் தூக்குது, அலகு நீண்டிருக்கு

நாகலூர்வாசி:
ஏற்காடுங்க. கிளிக்கு 26 வயசு. காலையில கொம்புல ஏறாம கூண்டுத் தரையிலயே நிக்குது. எப்பவும் இடது காலையே தூக்கிக்குது. வலது உள்ளங்கால் சிவந்து வழவழன்னு இருக்கு. மேல் அலகு நீண்டுபோச்சு. தீனி பெரும்பாலும் சூரியகாந்தி விதை. பனிக்காலத்துல ரொம்ப மோசம். வயசுக்கோளாறுதானா? நாம போடுற வலி மாத்திரை துளி கொடுக்கலாமா?

கூண்டும் கொம்பும்:
மாத்திரை வேண்டவே வேண்டாங்க, சிறுநீரகம் போயிடும். பறவைக்குக் கொடுக்கிற மெலாக்சிகாம்ங்கிற வலி மருந்தைக்கூட மருத்துவர் எடை பார்த்து எழுதணும்.

வயசுன்னு விட்டுடாதீங்க. உள்ளங்கால்ல பொடிப்பொடியா மேடு இருக்கணும். அது தேய்ஞ்சு வழவழப்பானா பாதப்புண் ஆரம்பம். இடது மூட்டு வலிக்கிறதால பாரம் முழுக்க வலதுல இறங்குது. ஒரே தடிமன் கட்டையில நின்னா ஒரே இடம்தான் அழுந்தும். மருந்தடிக்காத கொய்யாக் கிளையைப் பட்டையோட வெட்டி, 2.5 செ.மீ.லேருந்து 4 செ.மீ. வரைக்கும் வேற வேற தடிமன்ல மாட்டுங்க. விரல் சுத்தினா முன் நகமும் பின் நகமும் தொடக்கூடாது. ஒரு கொம்பு தரையிலேருந்து ஒரு சாண் உயரத்துல இருக்கட்டும். பக்கத்துல தட்டைப் பலகை போட்டு, நூல் பிரியாத துணி விரிச்சு தினமும் மாத்துங்க.

மலைக்கிளி:
எனக்குக் காலைவிட அலகுதான் கவலை. விதைக் கொழுப்பு கல்லீரல்ல படிஞ்சா அலகு இப்படி வளரும். எச்சத்துல வெள்ளையா இருக்கவேண்டிய பகுதி பச்சையோ மஞ்சளோ ஆனா கல்லீரல் மேல சந்தேகம் இன்னும் கூடும். பித்த அமிலம், யூரிக் அமிலம், கால்சியம் மூணுக்கும் ரத்தம் பார்க்கச் சொல்லுங்க. இந்த இனத்துக்குக் கால்சியம் குறையும், ரத்தக்குழாய்ல கொழுப்பு அடைக்கும்; கொம்புல நிக்க முடியாததுக்கு அதுவும் காரணமா இருக்கலாம். நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரியில காட்டுங்க. 20 கொண்டை ஊசி வளைவு இறங்கணும், அதனால பெட்டிக்குள்ள கொம்பு வைக்காம துண்டு விரிச்சுக் கொண்டுபோங்க.

விதையை ஒரேயடியா நிறுத்தினா பட்டினி கிடக்கும். வாராவாரம் கொஞ்சம் குறைச்சு, முருங்கைக்கீரை, கேரட், மஞ்சள் பூசணி கூட்டுங்க. தினமும் காலையில தீனிக்கு முன்னாடி கிராம் தராசுல எடை போட்டு எழுதுங்க. பத்துல ஒரு பங்கு இறங்கினா அன்னைக்கே மருத்துவர்கிட்ட ஓடணும்.

கூண்டும் கொம்பும்:
குளிருக்குக் கரி அடுப்பு வைக்காதீங்க, புகை கொன்னுடும். வெளிச்சம் இல்லாத செராமிக் வெப்ப பல்பைக் கூண்டுக்கு வெளியே, கடிக்க எட்டாத தூரத்துல, ஒரு பக்கம் மட்டும் வைங்க. சூடு கூடினா அதுவே மறுபக்கம் நகர்ந்துக்கும். உங்க ஊர்ல வீட்டுக்கு வீடு பட்டர் ஃப்ரூட் இருக்கும். அது கிளிக்கு விஷம், ஒரு துண்டுகூட ஆகாது. காப்பியும் அப்படித்தான்.